தேயிலை போன வழியே ஓர் உலகப் பயணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையையும் வீட்டையும் ஓராண்டோ ஈராண்டோ ஒதுக்கிவைத்துவிட்டு உலகைச் சுற்றிவருவது பற்றி வாசகர்கள் எழுதிய கருத்துகளைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் படித்தேன். பணம் இல்லை, விடுப்பு கிடைக்காது என்று எழுதியவர்களைவிட, ஆசை எழுகிறது, ஆனால் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது, அதைத் தணியாமல் காக்கும் ஊக்கத்தை எங்கே தேடுவது என்று கேட்டவர்களே அதிகம். அவர்களுடைய கேள்விக்கு என்னால் இயன்ற விடையை எழுத விரும்புகிறேன். நான் கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நானும் என் மனைவியும் எங்கள் நீண்ட பயணத்தின் முதல் பகுதியை முடித்துவிட்டு, அடுத்த பகுதிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகான இடங்களின் படங்களைப் பார்த்து எழும் ஆசை, அங்கே போய் நான்கு நாள் தங்கித் திரும்புவதற்குப் போதும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் போய்த் தங்கி, காய்ச்சலும் களைப்பும் வந்தாலும் மேலே செல்வதற்கு அது போதாது. அதற்கு மனத்துக்குள் ஒரு கேள்வி இருக்க வேண்டும். அந்தக் கேள்வி, நாம் நாள்தோறும் தொட்டுப் புழங்கும் ஒரு பொருளிலிருந்தோ, செய்யும் தொழிலிலிருந்தோ, குடியிருக்கும் மண்ணிலிருந்தோ எழுந்ததாக இருந்தால், பயணம் தள்ளிப்போகத் தள்ளிப்போக அது வலுக்குமே தவிரக் குறையாது. என் அனுபவம் அப்படித்தான் சொல்கிறது.

எங்கள் தொழிற்சாலைக்குப் பச்சைத் தேயிலை மாலையில் லாரிகளில் வந்து இறங்கும். இரவெல்லாம் காற்றில் வாடி, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் பல் உருளைகளுக்கு இடையே நசுங்கி, நொதித்து, உலர்ந்து, சல்லடைகளில் தரம் பிரிந்து, மூட்டையாகக் கட்டப்பட்டுக் குன்னூர் ஏலத்துக்குப் போய்விடும். நொதித்தது போதும் என்று முகர்ந்து பார்த்து முடிவு செய்வது டீ மேக்கரின் பொறுப்பு. சிறிது முந்தினால் பச்சை வாடை நிற்கும், சிறிது பிந்தினால் தூளின் உயிர் போய்விடும். இவ்வளவு கவனத்தோடு செய்து அனுப்பும் தூளை யார் குடிக்கிறார்கள், பாலோடு குடிக்கிறார்களா, பாலில்லாமலா, கொதிக்க வைத்தா, ஊற வைத்தா என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்துவருகிறது. ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் நம் நாட்டுத் தேயிலை பெருமளவில் போகிறது என்று செய்திகளில் படிப்போம். மூட்டை லாரியில் ஏறியதும் எங்கள் அறிவு அந்த இடத்தோடு நின்றுவிடும். அது எங்கே போய் முடிகிறது என்ற கேள்விதான் எனக்குள் முதலில் விழுந்தது. இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி சிறிது காலம் கழித்து அதனோடு சேர்ந்துகொண்டது.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி எழாமல் இருப்பது கடினம். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் மலையின் அடையாளங்களாக எண்ணிப் படம் எடுத்துக்கொள்ளும் மரங்களிலும் பயிர்களிலும் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. தைல மரமும் சீகை மரமும் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகள். சீனாவின் மலைத் தோட்டங்களிலிருந்து ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவரவியலாளர் 1848 முதல் 1851 வரையிலான காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தேயிலைச் செடிகளையும் விதைகளையும் திரட்டி இந்தியாவுக்கு அனுப்பினார். சோலைக் காடுகளையும் புல்வெளிகளையும் அறிந்த தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் ஆகிய மக்களே இங்கே முன்பு என்ன இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் உலகில் வேறெங்கோ ஒரு பிறந்த ஊர் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் நடுவட்டத்தைக் கடந்து போகாத நீலகிரிக்காரர் இருக்க முடியாது. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் அரசு வளர்த்த சின்கோனா மரங்களின் வரலாற்றை ஊட்டியில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் தேடிப் படித்தபோது, எனக்கு உறக்கம் வரவில்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா, அந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. அதன் விதைகளையும் கன்றுகளையும் தேடி 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெரு நாட்டின் மலைகளுக்குள் போனார். அதே ஆண்டில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலாளர் ஈக்வடாரின் சிம்போராசோ எரிமலையின் அடிவாரக் காட்டில், உடல்நலம் குன்றிய நிலையிலும் தங்கியிருந்து, சிவப்புப் பட்டை மரத்தின் விதைகளைச் சேகரித்தார். அவை கப்பலேறி நீலகிரிக்கு வந்தன. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் இங்கே அவற்றை வளர்த்தெடுத்தார். மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத்தில் வேலை செய்தார்கள். பேருந்து நின்று கிளம்பும் அந்தச் சிற்றூரில் ஆண்டிஸ் மலையும் சீனமும் வந்து சேர்ந்திருக்கின்றன. அங்கே பிறந்து வளரும் ஒரு மாணவிக்கு ஈக்வடார் எப்படி அந்நிய நாடாக இருக்க முடியும்? அந்தப் பெண் ஒருநாள் சிம்போராசோவின் அடிவாரத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால், அந்த ஆசை ஒரு வாரத்தில் அடங்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நெடும்பயணத்தின் மீது எங்கள் வீடுகளில் இருக்கும் அச்சத்தைப் பற்றி இங்கே நான் எழுதியாக வேண்டும். உங்கள் இணைப்பில் எழுதிய எவரும் அதைத் தொடவில்லை. எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். எங்கள் முன்னோர் சமவெளியின் வறட்சிக்கும் கடனுக்கும் தப்பித் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்குப் போய், அங்கிருந்து மலைத் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றவர்கள். அந்த நடையில் வழியிலேயே மாண்டவர்கள் பலர். தலைமுறைகள் அங்கே உழைத்த பிறகு, 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் மக்களின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதம் உள்ளவர்களைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. என் பெற்றோர் கப்பலில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து இந்த மலைக்கு ஏறினார்கள்.

இப்படி வந்த ஒரு வீட்டில், உலகப் பயணம் போகப் போகிறேன் என்று சொல்வது எளிதான செயல் அன்று. என் தாயார் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடல் தாண்டியவர்கள் பட்டதெல்லாம் போதாதா என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் மக்களுக்குத் தூரப் பயணம் என்பது பிறர் எடுத்த முடிவு, மூட்டை கட்டு என்று சொல்லப்பட்ட நாள், திரும்ப முடியாத பாதை. இந்த மலையில் எங்களைப் போன்ற குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் ஐரோப்பாவின் பூந்தோட்டப் படங்களைக் காட்டி ஊக்கம் ஊட்ட முடியாது. பாட்டி நடந்த வழியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று கேட்டால் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மலையகத் தமிழர் குடியேறியதன் 200-ஆம் ஆண்டையொட்டி 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே சென்ற செய்தியைப் படித்தபோது, நாங்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. நாடற்றவர் என்று எழுதப்பட்ட காகிதத்தோடு வாழ்ந்த என் தாத்தாவின் பேரனுக்குப் பத்தாண்டு செல்லுபடியாகும் கடவுச்சீட்டு அஞ்சலில் வந்து சேர்ந்த நாளில், அதைத் தாயாரின் கையில்தான் முதலில் கொடுத்தேன். அவர் அதன் பின்பு மறுப்புச் சொல்லவில்லை.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பலில் நானும் மனைவியும் சென்றோம். யாழ்ப்பாணம், கொழும்பு, ஹட்டன் என்று ரயிலில் போய், விசாவை நீட்டித்துக்கொண்டு, உறவினர் வீடுகளிலும் வாடகை அறையிலுமாக மலையகத்தில் தங்கினோம். கண்டிக்கு அருகே, ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய லூல்கந்துரைக்குப் போனோம். அதற்கு முன்பு அந்த மலைகளில் பயிரிடப்பட்ட காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்திராவிட்டால் இலங்கையில் தேயிலை இத்தனை மலைகளை மூடியிருக்காது. எங்கள் முன்னோரின் பிள்ளைகளும் தேயிலைக் கூடையைச் சுமந்திருக்க மாட்டார்கள். ஒரு பூஞ்சை எத்தனை குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது என்று அந்தச் சரிவில் நின்று நினைத்தபோது மனம் கனத்தது.

ஆனால் அந்தப் பயணத்தில் என்னைவிட அதிகம் கற்றவர் என் மனைவி. அவர் பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கூடையின் பட்டையைத் தலையில் மாட்டுகிறார்களா, தோளிலா? கையால் பறிக்கிறார்களா, கத்தரியாலா? ஒரு நாளுக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள்? தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பால் கொடுக்கிறார்களா? இவையே அவருடைய கேள்விகள். இவற்றைக் கேட்டதும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களின் கதவுகள் தாமாகத் திறந்தன. சுற்றுலாப் பயணியாகப் போயிருந்தால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருப்போம். கேள்வியோடு போனதால் பெண்கள் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து வரும்வரை காத்திருந்து பேசினோம். சாப்பிட அழைத்தார்கள், அடுத்த தோட்டத்திலுள்ள தங்கள் சொந்தக்காரருக்கும் சொல்லி அனுப்பினார்கள். நீண்ட காலம் பயணம் செய்கிறவர்களுக்குச் செலவையும் தனிமையையும் ஒருசேரக் குறைப்பது இத்தகைய உறவுதான். திரும்பி வந்த பிறகு, எங்கள் பாதையில் அடுத்து வரும் துருக்கியில் பெண்கள் எப்படிப் பறிக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கியவர் அவர்தான். இப்போது எனக்கு ஊக்கம் குறையும் நாட்களில் அவரே வரைபடத்தை எடுத்து விரிக்கிறார்.

அந்த வரைபடத்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். சீனாவிலிருந்து தேயிலை பல வழிகளில் உலகுக்குப் போயிருக்கிறது. ஒரு வழி மங்கோலியப் புல்வெளிகள் ஊடாகக் கியாக்தா என்ற எல்லை ஊரை அடைந்து ரஷ்யாவுக்குப் போனது. ஃபார்ச்சூனின் பெட்டிகளில் ஏறி இந்தியாவுக்கு வந்தது மற்றொன்று. மூன்றாவதான வழி 1893-இல் லாவ் ஜின் ஜாவ் என்ற சீன வல்லுநரோடு கருங்கடற்கரையில் உள்ள ஜார்ஜியாவின் சாக்விக்குச் சென்றது. சோவியத் ஒன்றியத்துக்குப் பெருமளவில் தேயிலை கொடுத்த ஜார்ஜியத் தோட்டங்களில் பல, அந்த ஒன்றியம் கலைந்த பின், கிளைகளை வெட்டிவிடும் கவாத்துச் செய்வாரின்றிக் காடாகிவிட்டன. இரண்டாண்டு கவாத்தைத் தவறவிட்டாலே செடி என்ன ஆகும் என்று அறிந்த எங்களுக்கு, ஒரு தலைமுறை கைவிடப்பட்ட தோட்டத்தைக் காண வேண்டும் என்ற ஆவல் எவ்வளவு ஆழமானது என்பதை வேறு தொழில் செய்பவர்களுக்கு விளக்குவது கடினம். ஜார்ஜியாவின் பாத்தூமியிலிருந்து கொண்டுவந்த விதைகளைக் கொண்டே துருக்கியின் ரீஸே பகுதியில் தேயிலை வேரூன்றியது. அங்கே முதல் தொழிற்சாலை 1947-இல் தொடங்கப்பட்டது. பை கட்டிய கத்தரியால் கொழுந்தை வெட்டும் அந்த மக்கள், இரண்டடுக்குக் கெண்டியில் தேநீர் இறக்கி, பால் சேர்க்காமல் சிறு கண்ணாடிக் குவளையில் பருகுகிறார்கள். ஒரு மனிதர் ஓராண்டில் அருந்தும் அளவில் துருக்கியரே உலகில் முதலிடத்தில் இருக்கிறார்கள்.

வரைபடத்தின் கடைசி முனை கென்யா. 1903-இல் லிமுருவில் தேயிலை நடப்பட்ட அந்த நாட்டில், 1964-இல் அமைக்கப்பட்ட கென்யா தேயிலை வளர்ச்சி முகமையின் வழியே சிறு விவசாயிகள் தங்கள் தொழிற்சாலைகளின் பங்குதாரர்களாகவே ஆகியிருக்கிறார்கள். இலைக்கு மாதந்தோறும் ஒரு தொகையும், ஆண்டு முடிவில் விற்பனையைப் பொறுத்து மற்றொரு தொகையும் பெறுகிறார்கள். பச்சைத் தேயிலைக்கு நியாயமான விலை கேட்டு இந்த மாவட்டத்தின் சிறு விவசாயிகள் எத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறார்கள் என்பது தங்கள் நாளிதழைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே எப்படி நடக்கிறது, அங்கேயும் குறைகள் என்ன என்பதை நேரில் பார்த்து வந்து சொல்ல எங்கள் ஊரிலிருந்து ஒருவராவது போக வேண்டாமா? என் பயணத்துக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

தேயிலை எனக்கு வாய்த்த வழிகாட்டும் நூலிழை. மற்றவர்களுக்கு வேறு இழை வாய்க்கும். குன்னூர் ரயில் பணிமனையில் வேலை பார்த்த என் நண்பர் ஒருவருக்கு அது பற்சக்கரம். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் நீண்ட நமது மலை ரயில், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்சக்கரம் பற்றிக்கொள்ளும் முறையில் ஏறுகிறது. அதன் நீராவி இன்ஜின்களில் பழையவை விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அந்த ஊரைத் தேடிப் படிக்கப் போனவர், அதே ஆலையில் செய்து ஃபுர்க்கா மலைப் பாதையில் ஓடிய இன்ஜின்கள் 1947-இல் வியட்நாமின் தலாத் மலை ரயிலுக்கு விற்கப்பட்டதையும், அந்தப் பாதை மூடப்பட்டுத் துருப்பிடித்துக் கிடந்தவற்றை சுவிட்சர்லாந்து ஆர்வலர்கள் 1990-இல் மீட்டுக் கொண்டுபோய் மறுபடியும் ஓட்டுவதையும் கண்டுபிடித்தார். இப்போது தலாத்துக்கும் ஃபுர்க்காவுக்கும் போகாமல் ஓயப் போவதில்லை என்கிறார். அவருடைய மேசையில் அழகுக் காட்சிப் படம் ஒன்றுகூட இல்லை. பற்சட்டத்தின் அளவுகளைக் குறித்த நோட்டுப் புத்தகம்தான் இருக்கிறது.

முன்னே போனவர்களின் வாழ்க்கையிலும் இதையே காண்கிறேன். கோட்டையூரில் 1911-இல் பிறந்து, உலகம் சுற்றும் தமிழன் என்று போற்றப்பட்ட ஏ. கே. செட்டியாருக்கு, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது 1937-இல் காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. காந்தியின் நடமாட்டத்தைப் பதிவு செய்த படச்சுருள்கள் எந்தெந்த நாட்டில், யார் யாரிடம் இருக்கின்றன என்ற ஒரே கேள்வி அவரைக் கண்டம் கண்டமாக அலைய வைத்தது. 1940-இல் படம் வெளிவந்தது. விமானப் பயணம் எளிதில் கிடைக்காத, போர் மூண்டுவிட்ட காலத்தில் ஒரு தனி மனிதரை அவ்வளவு தூரம் நடத்திச் சென்றது எது என்று இன்றைய இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சதீஷ் குமார், இ. பி. மேனன் என்ற இரண்டு இளைஞர்கள் 1962-இல் டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். அணு ஆயுதம் வைத்திருந்த நாடுகளின் தலைநகரங்களான மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் ஆகியவற்றுக்குப் போய் அவற்றைக் கைவிடும்படி கேட்பது அவர்கள் நோக்கம். கையில் பணம் எடுத்துச் செல்ல வேண்டாம் என்று காந்தியவாதி வினோபா பாவே சொல்லியிருந்தார். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியே நடந்து சோவியத் நாட்டுக்குள் போனபோது, ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இரண்டு பெண்கள் அவர்களை அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து, நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுக்கச் சொன்னார். அணுகுண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றும்போது சற்று நிறுத்தி ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு யோசிக்கச் சொல்லுங்கள் என்பது அந்தப் பெண்ணின் செய்தி. தேயிலைத் தொழிற்சாலையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, இதை முதன்முதலில் படித்தபோது கண் கலங்கிவிட்டது. எங்கள் தொழிற்சாலை வாசலிலும் அப்படி நடந்து வருகிறவர்கள் நின்றிருந்தால், எங்கள் சல்லடைப் பிரிவுப் பெண்களும் அதையே செய்திருப்பார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. கொச்சியில் தேநீர்க்கடை நடத்திய விஜயன் – மோகனா தம்பதியை நாடே அறியும். நாள்தோறும் 300 ரூபாய் ஒதுக்கிவைத்து, குறைந்ததற்கு வங்கிக் கடன் வாங்கி, திரும்பி வந்து கடனை அடைத்து, மறுபடி கிளம்பி இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். விஜயன் 2021 நவம்பரில் மறைந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ரஷ்யாவுக்குப் போய் வந்திருந்தார்கள். அவர்களுடைய பயணங்கள் ஒவ்வொன்றும் குறுகியவை என்றாலும், கடைசிவரை குறையாத அந்த வேட்கை நெடும்பயணிக்கு உரியது. கடன் வாங்கிப் பயணம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாங்கள் ஓய்வூதியப் பலனில் ஒரு பகுதியைத் தனியாக வைத்திருக்கிறோம், தங்கும் இடங்களில் நாங்களே சமைத்துக்கொள்கிறோம், ஒரே ஊரில் நெடுநாள் தங்குவதால் போக்குவரத்துச் செலவு குறைகிறது.

தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள், இலை எடுப்பை விட்டுவிட்டு ஓராண்டு எப்படிப் போவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உறைபனி விழுந்து கொழுந்து குறையும் மார்கழி, தை, மாசி மாதங்களில் ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டு, பல ஆண்டுகளில் ஒரே பாதையை முடிக்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடர்வதால் அதுவும் ஒரே நெடும்பயணம்தான். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்குமேல் தங்க நமக்கு அனுமதி இல்லை என்பதால், அங்கே போகிறவர்களுக்கு இப்படிப் பிரித்துக்கொள்வது எப்படியும் தேவைப்படும். முதல் முயற்சிக்கு நேபாளத்தைச் சொல்வேன். அங்கே போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம், தரை வழியே போனால் வாக்காளர் அட்டையே போதும். டார்ஜிலிங்குக்கு அடுத்த மலையிலேயே அவர்களுடைய இலாம் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. நீண்ட நாள் வெளியே தங்குவது தமக்கு ஒத்துவருமா என்பதை ஒருவர் அங்கே தெரிந்துகொள்ளலாம்.

புறப்படும் நாள்வரை ஆசையை எப்படிக் காப்பது என்று கேட்பவர்களுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். போகப்போகும் ஊரின் எழுத்தைக் கற்கிறேன். ஜார்ஜிய மொழிக்கு 33 எழுத்துகள், ஒவ்வொன்றும் வளைந்து நெளிந்து நம் எழுத்தைப் போலவே அழகாக இருக்கின்றன. மாலையில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்த நாளில் பயணம் ஒரு படி முன்னே நகர்ந்துவிட்டதாக உணர்கிறேன். மேட்டிலும் பள்ளத்திலும் சுமையோடு நடந்து பழகுகிறேன். எங்கள் ஊர்களில் அதற்கு இடம் தேட வேண்டியதில்லை. கைப்பேசியில் பயணப் படங்களைப் பார்ப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். அவை என்னை ஏக்கத்தில் தள்ளினவே தவிர எதையும் கற்றுத் தரவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஐந்து நாட்களில் ஆறு நாடுகள் என்ற வகைச் சுற்றுலாக் கட்டுரைகளுக்குத் தங்கள் இணைப்பில் நிறைய இடம் கிடைக்கிறது. அதில் ஒரு பக்கத்தையாவது, ஒரு தொழிலின் வழியாகவோ ஒரு பயிரின் வழியாகவோ முன்னோரின் தடத்தின் வழியாகவோ நெடுங்காலம் பயணம் செய்கிற எளிய மனிதர்களுக்குத் தாருங்கள். நெசவாளர், மீனவர், செவிலியர், லாரி ஓட்டுநர் என்று எழுதுவதற்கு ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் என்ன செலவழித்தார்கள், எங்கே தங்கினார்கள், எந்த விசா மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். பெண்கள் எழுதுவதற்குத் தனியாக அழைப்பு விடுங்கள், ஏனெனில் துணையின்றிப் போகும் பெண்ணுக்குத் தேவையான செய்திகளை என்னைப் போன்றவர்களால் சொல்ல முடியாது. அடுத்தது, எங்கள் மாவட்டப் பள்ளிகளுக்கானது. நடுவட்டத்தின் சின்கோனா வரலாற்றையும், குன்னூர் ஏலத்தையும், மலை ரயில் பணிமனையையும் மாணவர்கள் நேரில் கண்டு, ஒவ்வொன்றும் எந்த நாட்டிலிருந்து வந்தது அல்லது எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை உலக வரைபடத்தில் குறிக்கும் ஒரு நாளைப் பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும் என்று தங்கள் தலையங்கத்தில் வலியுறுத்த வேண்டும்.

வரும் பனிக்காலம் முடிந்ததும் நாங்கள் ஜார்ஜியாவுக்கும், அங்கிருந்து தரை வழியே துருக்கிக்கும் புறப்பட எண்ணியிருக்கிறோம். நான் கேட்ட பக்கம் தொடங்கப்படுமானால், சாக்வியிலிருந்தும் ரீஸேயிலிருந்தும் செலவுக் கணக்கோடு எழுதி அனுப்புகிறேன். பறிக்கும் பெண்களிடம் கேட்டறிந்ததை என் மனைவி தனியாக எழுதுவார்.

இப்படிக்கு,
தேயிலைத் தொழிற்சாலை ஊழியர் (ஓய்வு),
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.